சலவைக்கடையின் வாந்திக் கணக்கு

என் தம்பி சலவைக்கடை வைத்திருக்கிறான். கடைக்கு வரும் துணி எதையும் பையைத் துழாவாமல் மெஷினுக்குள் போடமாட்டான். சாவியோ, மோதிரமோ, ஒருமுறை கிடைத்த பல்செட்டோ, எதுவானாலும் ஒரு கவரில் போட்டு, துணியில் குத்திய அதே நம்பரை அதன்மேல் எழுதி, உரியவரிடம் பத்திரமாகச் சேர்த்துவிடுவான். அந்த நம்பிக்கையில்தான் தூரத்துத் தெருக்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

அவன் துழாவாத ஒரே பை அவனுடையது.

சோப்புத்தூள் வாங்கினாலும் மோட்டாரைப் பழுது பார்த்தாலும் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொள்வான். மாலையில் அந்தச் சட்டையைக் கழற்றிக் கடைசித் துணிகளோடு மெஷினுக்குள் எறிவான். ரசீது வெள்ளைத் துகளாகி, யாரோ ஒருவரின் கறுப்புக் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். உட்கார்ந்து அதைப் பொறுக்குவது அவன் மனைவியின் வேலை.

“பாருங்க அண்ணி, இந்தக் காலுல இருக்கிறது மோட்டார் பில்லு, அந்தக் காலுல சோப்பு பில்லு. ஆடிட்டரம்மாகிட்ட இந்த பேன்ட்டையே கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்க உங்க தம்பிய” என்பாள்.

ஆடிட்டரம்மா முன்பே கறாராகச் சொல்லியிருந்தார். செலவுக்கு ரசீது இல்லையென்றால், வந்த பணம் பூராவும் லாபம் என்றே வரி போடுவார்கள். போன வருடம் அப்படித்தான் போட்டார்கள். கையிருப்பு துடைத்துக்கொண்டு போயிற்று. இந்த வருடமும் அதே கதை என்றால் பெரிய மெஷினை விற்றுத்தான் கட்ட வேண்டும். அந்த மெஷின் போனால் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் போய்விடும். அப்புறம் அக்கம்பக்கத்தாரின் கைக்குட்டையைத் துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். “அக்கா, எனக்கு மறதி வியாதி வந்திருக்கும்போல.”

“நாக்க நீட்டு.”

நீட்டினான்.

“வியாதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சோம்பேறித்தனம். எழுந்திரு.”

நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள். படுத்துக் கிடப்பவருக்கு உபதேசம் செய்து பயனில்லை. மணிக்கட்டில் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டி, கட்டில் காலில் குறிப்புத் தாளைத் தொங்கவிட வேண்டும். தம்பிக்கும் அதே வைத்தியம்தான். அவனுடைய சட்டைகள் எல்லாவற்றிலும் காலருக்குள் ஒரு வாடிக்கையாளர் நம்பரைக் குத்தச் செய்தேன். நம்பரைக் கண்டால் அவன் கை தானாகப் பைக்குள் போகும். போயிற்று. தன் ரசீதைத் தானே எடுத்துக் கவரில் போட்டுவிட்டு, “யாரோ சோப்பு பில்ல பையிலயே விட்டுட்டுப் போயிருக்காங்க, பொறுப்பே இல்ல” என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டானாம்.

அடுத்தது குறிப்புத் தாள். என்னிடம் பழைய தாள்கள் ஒரு கட்டு மீந்திருந்தன. இடப்பக்கம் நோயாளிக்குள் போனது, வலப்பக்கம் வெளியே வந்தது. “வரவ இங்க எழுது, செலவ அங்க எழுது. தலைப்பயெல்லாம் அடிச்சிட்டு எழுது” என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

தலைப்புகளை அவன் அடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் படித்து, யோசித்து, பொருத்தமாக எழுதியிருக்கிறான். வருடக் கடைசியில் ஆடிட்டரம்மாவின் மேசையில் விரித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “இங்க ‘வாய்வழி’ன்னு போட்டிருக்கே, என்னது?”

“கையில வாங்குற ரொக்கம் மேடம்.”

“‘ட்ரிப்ஸ்’?”

“பேங்குக்கு வர்றது. நம்ம கை படாம தானா ஏறிடுதுல்ல.”

“‘சிறுநீர்’?”

“தண்ணி பில்லு.”

நான் கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“சரி, இந்த ‘வாந்தி’?”

“துணி சாயம் போயிருச்சுன்னா வாங்கின காச திருப்பிக் குடுக்கணும்ல மேடம். உள்ள போனது வந்த வழியாவே வெளிய வந்துருது. அத வேற எங்க எழுதுறது?”

ஆடிட்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ‘மலம்’ என்ற பத்தியைப் பற்றி மட்டும் ஆடிட்டரம்மா கேட்கவில்லை. அதில் கடை வாடகை இருந்தது. மாதத்துக்கு ஒரே தடவைதான் போயிருந்தது. ஒரு நோயாளிக்கு இப்படி என்றால் நான் அன்றே டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன்.

சிரித்து முடித்ததும் கவர்களைப் பிரித்து, ரசீதுகளைத் தாள்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். தம்பி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அவர் விரல் போகும் இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாம் சரியா இருக்கு. வரி உங்களால கட்ட முடியிற அளவுலதான் வருது, மெஷின விக்கவெல்லாம் வேண்டாம்” என்றார். “ஆனா வாந்தி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே?”

“அந்த சோப்பு ஒத்துக்கல மேடம். மாத்திட்டேன்.”

வரி கட்டியதற்கான சீட்டைக் கையில் வாங்கினோம். வாசலுக்கு வந்ததும் தம்பி அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகினான்.

நான் அவன் காலரைத் திருப்பிப் பார்த்தேன். நம்பர் இருந்தது. காலரைப் பழையபடி மடித்துவிட்டு நடந்தேன்.