ஒன்பதாம் பெட்டியின் பள்ளம்

வாயைத் திறந்து பார்க்காமல் பல்லக்கா எதற்கும் விலை கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் பழைய சாமான் சந்தையில் ஒரு தார்ப்பாயின் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். சக்கரம் போன கார்கள், கை போன பொம்மைகள், யாருடையது என்றே தெரியாத ரிமோட்டுகள் கிடக்கும் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஏதோ ஒரு வாலைப் பிடித்து இழுப்பாள். வருவது முதலையா டைனோசரா என்று விரல் நுனியே சொல்லிவிடும். டைனோசர் என்றால் மட்டும் கைப்பையிலிருந்து பல் டாக்டர்களின் நீளக் காம்புக் கண்ணாடி வெளியே வரும். மேல் வரிசை, கீழ் வரிசை, கடைவாய் என்று மூன்றையும் பார்த்த பிறகுதான் பேச்சு.

“மேல் தாடை பரவாயில்ல. கீழதான் தகராறு. எவ்வளவு சொல்றே?”

“அக்கா, அது பொம்மைக்கா. அது என்ன, உக்காந்து சாப்பிடவா போகுது?” என்பார் கடைக்காரர். வாரம் தவறாமல் இதையே சொல்வார். வாரம் தவறாமல் விலையையும் குறைப்பார்.

பல்லக்கா என்ற பேர் சந்தைக்காரர்கள் வைத்தது. அவள் தொழில் பல் செட் செய்வது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. மூன்று பல் டாக்டர்களிடமிருந்து வாய் அச்சுகள் பொட்டலமாக வரும். அவள் சுண்ணம் ஊற்றி, மெழுகில் பல் நட்டு, இளஞ்சிவப்பு ஈறு வைத்து, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவாள். இருபத்தெட்டு வருஷமாக இதே வேலை. அதனால் மனிதர்களின் முகம் அவள் நினைவில் நிற்பதேயில்லை. “யாரு, அந்த முன்பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறினவரா?” என்றுதான் கேட்பாள். லிஃப்ட் மெக்கானிக்கான தன் கணவரைக் கட்டிக்கொண்டதற்குக் காரணம் கேட்டால், “கீழ் வரிசை அவ்வளவு நேரு. ஆளைப் பத்தி அப்புறம்தான் விசாரிச்சேன்” என்பாள். அவரும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டு கீழுதட்டை இறக்கிக் காட்டுவார்.

டைனோசர்களை வீட்டுக்குள் கொண்டுவந்தது மகள். இரண்டாம் வகுப்பில் படித்தபோது, டைனோசருக்கு எத்தனை பல் என்று அம்மாவிடம் கேட்டாள். மகளுக்கு அந்த ஆசை ஒரு மாதத்தில் தீர்ந்துபோயிற்று. இப்போது அவள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அம்மாவுக்குத்தான் இன்னும் பதில் கிடைத்தபாடில்லை. கண்ணாடி அலமாரியில், மற்ற வீடுகளில் விருந்தாளிகளுக்கென்று பூட்டிவைக்கும் பீங்கான் தட்டுகளுக்கு உண்டான இடத்தில், இருநூற்றுப் பதினாலு டைனோசர்கள் நிற்கின்றன. எல்லாம் குழந்தைகள் விளையாடித் தேய்த்தவை. கீழ்த்தட்டில் புத்தகங்கள். அவையும் குழந்தைகளுக்கான அறிவியல் புத்தகங்கள் மட்டும்தான். பெரியவர்களுக்கானவை அவளுக்கு ஆகாது. “அதுல படம் கம்மி, அளப்பு ஜாஸ்தி.” பென்சிலை வைத்துக்கொண்டுதான் படிப்பாள். படத்தில் இருபத்தெட்டு பல், எழுத்தில் முப்பது என்றிருந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. ஒரு பதிப்பகத்துக்கு இரண்டு பக்கத்தில் கடிதமே போட்டாள். பதில் வரவில்லை. அந்தப் பதிப்பகத்தின் புத்தகங்கள் அன்று முதல் அலமாரியில் முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கின்றன.

அவள் உயிரை வைத்திருப்பது ஒரு பழைய வரிசையின் மேல். மொத்தம் பன்னிரண்டு அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் ஒரு புத்தகம், வலப்பக்கம் ஒரு டைனோசர். டைனோசர் படுப்பதற்கென்று அதன் உருவத்திலேயே பள்ளம் வெட்டியிருக்கும். வைத்து அழுத்தினால் டப்பென்று உட்காரும். பதினொன்று முழுசாக இருந்தன. ஒன்பதாம் பெட்டியில் புத்தகம் இருந்தது, பள்ளம் காலி. அந்தப் பள்ளத்துக்கு உரியது பேரியானிக்ஸ். முதலை மூஞ்சியோடு மீன் தின்ற ஜாதி. கீழ்த்தாடையில் மட்டும் அறுபத்து நான்கு பல் என்று புத்தகம் சொல்கிறது. “ஒரு செட்டு பண்ணினா ரெண்டு மாசம் வேலை” என்று பல்லக்கா மரியாதையோடு சொல்வாள். ஆறு வருஷம் தேடினாள். எட்டு மாதத்துக்கு முன், காய்ச்சலில் படுத்து ஒரே ஒரு ஞாயிறு சந்தைக்குப் போகாமல் இருந்தாள். அன்று, அதே தார்ப்பாயில், அதே குவியலிலிருந்து, அந்தப் பேரியானிக்ஸை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கண்ணாடிக் கடைக்காரரும் டைனோசர் சேர்ப்பவர்தான். மெலிந்த மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒற்றைக் கண் லென்ஸ் ஒன்று இருக்கும். எந்தப் பொம்மையை எடுத்தாலும் கண்ணோடு கண் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவாரே தவிர, வாயை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. பல்லக்காவுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் தோன்றவில்லை. விற்கிறாரா என்று கேட்டுப் பார்த்தாள். அவரோ, ஒன்பதாம் பெட்டியை அவள் விற்கிறாளா என்று திருப்பிக் கேட்டார். பெட்டியில்லாத டைனோசர் அவரிடம், டைனோசர் இல்லாத பெட்டி இவளிடம். இரண்டு பேரும் சம்பந்தம் பேசி முடித்துவிட்டால் வரதட்சணைத் தகராறே வராது என்று சந்தைக்காரர்கள் சிரித்தார்கள். பல்லக்கா சிரிக்கவில்லை. முகத்துக்கு நேரே ‘சார்’, வீட்டுக்கு வந்தால் ‘அந்தக் கண்ணாடி’. பேரியானிக்ஸை மட்டும் எங்கே பேசினாலும் “என்னோட ஒம்பது” என்றாள். “என்னோட ஒம்பது அவர் வீட்டுல தூசி தின்னுக்கிட்டு கிடக்கு.” பல் நடும்போதும் அதே நினைப்புத்தான். யாரோ ஒருவருடைய முன்பல்லை அரை மில்லி நீளமாக வைத்துவிட்டு, டாக்டரிடம் பேச்சு வாங்கினாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவரே பட்டறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. திறந்தால் உள்ளே துணியில் சுற்றிய பேரியானிக்ஸ், கீழ்த்தாடை இரண்டாக முறிந்து கிடந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தாராம். கீழே என்ன இருந்தது என்று தெரியவில்லையாம்.

“தாடை விஷயத்துல உங்களை விட்டா யாரு இருக்கா மேடம்?” என்றார்.

“சனிக்கிழமை வாங்க சார்” என்றாள். கூட்டைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

தாடையை ஒட்டுவது அரை மணி நேர வேலை, அன்றைக்கே முடிந்துவிட்டது. பிறகு ஒன்பதாம் பெட்டியைக் கொண்டுவந்து, பேரியானிக்ஸைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். டப்பென்று உட்கார்ந்தது. எடுத்தாள். மறுபடி வைத்தாள். பதினொன்றாவது முறை கணவர் எட்டிப் பார்த்து, கதவு ஏதாவது சரியாகச் சாத்தவில்லையா என்று கேட்டார்.

அடுத்த நாள் டாக்டர்களின் பொட்டலங்கள் மூன்றும் பிரிக்காமலே கிடந்தன. பல்லக்கா அச்சு மாவைக் குழைத்து, பேரியானிக்ஸின் உடம்புக்கும் வாய்க்கும் தனித்தனியே அச்சு எடுத்தாள். பல் செட்டுக்கான பிசினையே ஊற்றி வார்த்தாள். எடை சரியாக வரக் கணவரின் டப்பாவிலிருந்து ஒரு பால்ரஸ் இரும்புக் குண்டை வயிற்றுக்குள் வைத்தாள். செதில் செதிலாக வண்ணம் கொடுத்தாள், தேய்ந்த இடத்தில் தேய்ந்த மாதிரியே. பல்லுக்கு வரும்போது மட்டும் கை தன் வழக்கத்துக்குப் போய்விட்டது. தொழிற்சாலைக்காரன் மேலும் கீழும் மோதுகிற மாதிரி வைத்திருந்தான். வாய் முழுதாக மூடாது. இவள் கடி பார்க்கும் நீலத்தாளை இடையில் கொடுத்துக் கடிக்கவைத்து, நீலம் பட்ட இடத்தைத் தேய்த்து, மறுபடி கடிக்கவைத்து, அறுபத்து நான்கு பல்லையும் ஒரு நோயாளிக்குச் செய்வதுபோலவே சரிசெய்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மேஜையில் இரண்டு பேரியானிக்ஸ் நின்றன.

“ரெட்டைப் பிள்ளையா?” என்றார் சாப்பிட வந்த கணவர். “இதுல எது மூத்தது?”

பல்லக்கா இரண்டின் மேலும் துண்டைப் போட்டு மூடினாள்.

நகலைத் தனக்கு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் தொடங்கினாள். ஆனால் அதைப் பள்ளத்தில் வைத்தபோது கடகடவென்று ஆடியது. பிசின் இறுகும்போது மயிரிழை சுருங்கும். அது அவளுக்குத் தெரியாத சங்கதியில்லை. பெட்டியைக் காதருகே வைத்து இரண்டு முறை ஆட்டிப் பார்த்தாள். அந்த ஓசையைக் கேட்கக் கேட்க அவள் மனசுக்குள் ஒரு நியாயம் திரண்டது. பெட்டி இருக்கிறவளுக்கு அளவு வேண்டும். பெட்டியே இல்லாதவருக்கு அளவு எதற்கு? வாயைத் திறந்தே பார்க்காத மனிதர். போதாததற்கு இதில் கடியும் ஒழுங்காக இருக்கிறது; பார்க்கப்போனால் அவருக்கு லாபம்தான். இந்த நியாயத்தைக் கணவரிடம் சொல்லிப் பார்க்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்ததும், சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவர் வந்தார். நகல் கண்ணாடிக் கூட்டுக்குள் துணி சுற்றித் தயாராக இருந்தது. அசல் உள்ளறையில், தன் பள்ளத்தில் படுத்திருந்தது. பல்லக்கா முந்திக்கொண்டு வாயைத் திறந்து மூடிக் காட்டினாள். பசை நன்றாக இறுகட்டும், ஒரு வாரம் யாரும் தாடையைத் தொட வேண்டாம் என்று தேவைக்கு மேல் பேசினாள். அவர் தலையாட்டிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, பேரியானிக்ஸின் முகத்தைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

“மேடம், கண்ணுல ஏதாவது கை வெச்சீங்களா?”

“இல்லையே சார். வாய் மட்டும்தான்.”

“என்னோடதுக்கு இடது கண்ணு உள்பக்கமா பார்க்கும். பெயின்ட் அடிச்சவன் தப்பா வெச்சிட்டான்.” லென்ஸை இறக்கினார். “அதுக்காகத்தான் நான் அதை வாங்கினதே. சின்னதுல எனக்கும் அப்படித்தான். ஒரு வருஷம் ஒத்தைக் கண்ணைக் கட்டிப்போட்டாங்க.” கையிலிருந்ததை மறுபடி பார்த்தார். “இது நேரா பார்க்குதே.”

பல்லக்கா ஆறு வருஷம் கனவு கண்ட மிருகம் அது. நான்கு நாள் கையிலேயே இருந்தது. ஒவ்வொரு பல்லின் சரிவும் அவளுக்கு மனப்பாடம். அதற்குக் கண் இரண்டு இருந்தது என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் நினைவில்லை. கண்ணை வரைந்தபோது, எல்லாக் கண்ணும் எப்படி இருக்குமோ அப்படி வரைந்துவிட்டாள். இப்போது எதிரில் நின்றவரின் கண்களை முதன்முறையாகப் பார்த்தாள். இடது கண் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், மூக்குப் பக்கம் சாய்ந்திருந்தது. ஏழு மாதம் திட்டித் தீர்த்த மனிதரிடம் அவள் அறிந்திருந்தது, மேல் வரிசையில் ஒரு கட்டுப்பல் உண்டு என்பது மட்டும்தான்.

எழுந்து உள்ளே போனாள். பெட்டியிலிருந்து அசலை எடுத்தாள். வரமாட்டேன் என்பதுபோல் அது பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு வந்தது.

“மாத்தி வெச்சிட்டேன் சார்.”

“ரெண்டு இருந்தா மாறத்தான் செய்யும்” என்றார் அவர், தரையைப் பார்த்து. அதில் பல்லக்காவுக்குக் காது வரை சுட்டது.

அசலை லென்ஸில் பார்த்தார். முகம் தெளிந்தது. துணியில் சுற்றிக் கூட்டில் வைத்தார். ஆனால் புறப்படவில்லை. மேஜைமேல் கிடந்த நகலை எடுத்து, ஒரு வாரம் யாரும் தொட வேண்டாம் என்று அவள் சொன்ன அதே தாடையைத் திறந்தார். மூடினார். க்ளிக்கென்று பல்லோடு பல் பொருந்தியது. மறுபடி திறந்தார். மறுபடி மூடினார்.

“என்னோடது இப்படி மூடாது” என்றார்.

“மூடாது சார். கம்பெனிக் கோளாறு.”

“இதைக் குடுப்பீங்களா மேடம்?”

அவர் குரலில் இருந்த அந்த மெல்லிய அரிப்பை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். ஏழு மாதமாகத் தன்னோடு குடித்தனம் நடத்திய சரக்கு, தெரியாமல் போகுமா?

“அது சாம்பிள் சார்” என்றாள். “வெளிய குடுக்கிறதில்ல.”

அவர் படியிறங்கி, தெருமுனை திரும்பும் வரை அவள் வாசலிலேயே நின்றாள். ஏழு மாதத்தில் அவ்வளவு சுகமான காலை அவளுக்கு வாய்த்திருக்கவில்லை. உள்ளே வந்து நகலைப் பள்ளத்தில் வைத்தாள். ஆடாமலிருக்க நீலத்தாளை நாலாக மடித்துக் கீழே கொடுத்தாள். பெட்டியை ஆட்டிப் பார்த்தாள், சத்தமில்லை. பன்னிரண்டு பெட்டிகளையும் வரிசையாக அடுக்கித் தள்ளி நின்று பார்த்தாள். குறையொன்றும் இல்லை.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டும் ஆளைக் காணோமே என்று கணவர் முன்னறைக்கு வந்தார். ஒன்பதாம் பெட்டி மேஜைமேல் திறந்து கிடந்தது. பல்லக்கா இடது கையில் பேரியானிக்ஸின் கழுத்தைப் பிடித்திருந்தாள். வலது கையில், ஈறுக்கு நரம்பு வரையும் ஒற்றைமயிர்த் தூரிகை; நுனியில் கறுப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இடது கருவிழியை ஒரு மயிரிழை, இன்னும் ஒரு மயிரிழை மூக்குப் பக்கமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். அவளறியாமல் அவளுடைய இடது கண்ணும் கூடவே நகர்ந்துகொண்டிருந்தது.