கோர்ட்டில் ஓடிய கூலர்

வியாபார வழக்கு நடத்தும் வக்கீலைப் பற்றி யாரும் சினிமா எடுப்பதில்லை. கொலை, கொள்ளை, காதல் எதுவும் எங்கள் பக்கம் வராது. வருவதெல்லாம் துருப்பிடித்த பம்பும், நீளம் குறைந்த கேபிளும், "நான் கேட்டது இது இல்லை" என்கிற புகாரும்தான். எழுபதுகளில் ஹைதராபாத் சிவில் கோர்ட்டில் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வாய்தாவுக்காக மர பெஞ்சில் உட்கார்ந்து முதுகு நொந்த சகபாவிகளே, இது உங்களுக்காக.

மாப்பிள்ளைக்கு விசாரணை

என் அப்பா ரயில்வே. வீடு மல்காஜ்கிரி. எங்கள் தெருவில் அரசு உத்தியோகம் இல்லாத ஒரே பட்டதாரி நான்தான், அதனால் ஜாதகம் போன வேகத்திலேயே திரும்பி வரும். திரும்பி வராத ஒரு ஜாதகத்தை நம்பி காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் வசந்தா ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். அவள் அப்பா விஸ்வநாதன் பாதுகாப்புத் துறை விஞ்ஞானி.

அவர் என்னைக் கேட்காத கேள்வி இல்லை. எந்த மாதிரி கேஸ், தோற்றது எத்தனை, கட்சிக்காரர் ஓடிப்போனால் என்ன செய்வீர்கள், எல்லாம் கேட்டார். பஜ்ஜி ஆறிப்போனது. மரியாதைக்கு நானும் ஒரு கேள்வி கேட்டேன், சார் ஆபீசில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று. அவர் மனைவியைப் பார்த்தார், மனைவி கதவைப் பார்த்தார். கடைசியில் விஸ்வநாதன் சொன்னார்: "அது என் சம்சாரத்துக்கே தெரியாது. நீங்க வேலை பாக்குறது எப்படின்னு ஒருநாள் கோர்ட்டுக்கு வந்து பாக்கறேன், அப்புறம் முடிவு சொல்றேன்."

கூலர் வந்த கதை

அந்தச் சமயம் என் கையில் இருந்த உருப்படியான கேஸ் ஒன்றே ஒன்று. கட்சிக்காரர் அருளப்பன், பாளையங்கோட்டையிலிருந்து அவர் தாத்தா காலத்திலேயே செகந்திராபாத் வந்த குடும்பம். தகரப் பெட்டி, புல் தட்டி, மின்விசிறி வைத்து ஏர்கூலர் செய்கிறவர். ஊருக்கு வெளியே ஓர் அரசு ஆலை, பெயர் வேண்டாம், பயிற்சியாளர் விடுதிக்காக அவரிடம் மொத்தமாகக் கூலர் வாங்கியது. புதிதாக வந்த கொள்முதல் அதிகாரிக்கு வேறொரு கம்பெனி மேல் பிரியம். கூலர் போடும் சத்தத்தில் ஒருவராலும் தூங்க முடியவில்லை, எல்லாவற்றையும் எடுத்துப் போ என்று சொல்லிவிட்டார். எடுத்துப் போனால் அருளப்பன் பட்டறையை மூட வேண்டியதுதான். பணத்தைவிட, தன் கூலரைக் குப்பை என்று சொன்னது அவருக்கு ஆறவில்லை.

சத்தம் எவ்வளவு என்று கோர்ட்டே பார்க்கட்டும் என்று ஒரு கூலரைச் சான்றுப் பொருளாகக் கொண்டுவரக் கேட்டேன். நீதிபதி காக்கிநாடா பக்கத்துக்காரர், ஹைதராபாத் வெயிலில் அங்கியோடு வெந்துகொண்டிருந்தவர், உடனே சம்மதித்தார். கூலரை மேடைக்குப் பக்கத்தில் வைத்து டவாலி தண்ணீர் ஊற்றினார். அன்று முதல் எங்கள் கேஸ் தினமும் கூப்பிடப்பட்டது, தினமும் ஒத்திவைக்கப்பட்டது. சீக்கிரம் முடியுமா என்று பெஞ்ச் கிளார்க்கிடம் ரகசியமாகக் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கோடை லீவு விடட்டும் சார். இப்பவே தீர்ப்பு சொன்னா கூலரை நீங்க எடுத்துட்டுப் போயிடுவீங்க."

ஒரு 'ஹவ்' பட்ட பாடு

எதிர்த்தரப்பு வக்கீல் ரெட்டிகாரு பெரிய சீனியர். குரலும் பெரிசு. அவர் கூண்டில் ஏற்றிய சாட்சி விடுதிக் காவலாளி காஜா மியான். பையன்கள் யாரும் தூங்கவில்லை என்று கிளிப்பிள்ளை மாதிரி சொன்னார். விஸ்வநாதன் சரியாக அன்றுதான் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் உற்சாகமாக எழுந்து, நீங்களும் அந்தக் கூலர் பக்கத்தில்தானே படுப்பீர்கள், நீங்கள் தூங்கவில்லையா என்று கேட்டேன்.

"ஹவ்" என்றார் காஜா மியான்.

ஹைதராபாத்தின் தக்கினி உருதுவில் ஹவ் என்றால் ஆமாம். எதற்கு ஆமாம்? ஆமாம், தூங்கவில்லை என்று அர்த்தம் என்றார் ரெட்டிகாரு. ஆமாம், தூங்கினேன் என்று அர்த்தம் என்றேன் நான். தக்கினி தெரியாத காக்கிநாடாக்காரரான நீதிபதி பெஞ்ச் கிளார்க்கைப் பார்த்தார். உள்ளூர்க்காரரான அவர், சொல்கிற ஆளைப் பொறுத்தது என்று நழுவினார். மதிய இடைவேளை வரை அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துத் தொங்கினோம்.

அப்போதுதான் கவனித்தேன், பதில் சொல்லும் முன் காஜா மியானின் கண் ஒவ்வொரு தடவையும் கொள்முதல் அதிகாரியிடம் போய் வந்தது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருந்தால் உடைந்திருப்பார். எனக்கு மனசு வரவில்லை. அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, மேற்கொண்டு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தேன். அருளப்பன் தலையில் கை வைத்தார். கூண்டிலிருந்து இறங்கும்போது காஜா மியான் தக்கினியில் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "ஹவ் சொன்னா வேலை போகும் சாப், இல்லைன்னா அல்லாகிட்ட ஈமான் போகும். எதைத்தான் சொல்லட்டும்?"

ரெட்டிகாருவின் வாதம்

கோடை விடுமுறைக்கு முந்தின நாள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கூலர் ஓடிக்கொண்டிருந்தது. ரெட்டிகாரு மேசையைத் தட்டி, இந்த இரைச்சலில் எந்த மனிதப் பிறவியும் கண் மூட முடியாது என்று முழங்கினார். நிமிர்ந்தால், நீதிபதியின் முகவாய் நெஞ்சில் படிந்திருந்தது. லேசான குறட்டை.

கோர்ட் முழுக்கக் காகிதம் படிக்கிற மாதிரி குனிந்துகொண்டது. அருளப்பன் என் அங்கியைப் பிடித்து இழுத்தார், "ஜட்ஜய்யா ஒறங்குதாவ, எந்திச்சுச் சொல்லுங்க" என்று. சொன்னால் கேஸும் போகும், என் தொழிலும் போகும். ஜெயிக்க வைக்கும் சாட்சி கண்ணெதிரே குறட்டை விடுகிறது, அதைக் கூண்டில் ஏற்ற வழியில்லை. ரெட்டிகாருவுக்கும் தர்மசங்கடம். பேச்சை நிறுத்தினால் அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆகவே இன்னும் சத்தமாகப் பேசினார்.

திடீரென்று கரண்ட் போனது. கூலர் நின்றது. நீதிபதி திடுக்கிட்டு விழித்து, ஏன் நின்றுவிட்டது என்று கேட்டார். ரெட்டிகாரு பதறிப்போய்ச் சொன்னார்: "நான் நிறுத்தவே இல்லை, யுவர் ஆனர்."

தீர்ப்பு

என் முறை வந்தபோது ஒரே ஒரு விஷயம் சொன்னேன். இந்தக் கூலருடன் வாரக்கணக்கில் இருந்த கோர்ட்டுக்கு இதன் சத்தம் பற்றி நேரடி அனுபவம் உண்டு, அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ரெட்டிகாரு ஆட்சேபிக்க எழுந்தார், எதை ஆட்சேபிப்பது என்று யோசித்தார், உட்கார்ந்துவிட்டார். விடுமுறை முடிந்து வந்த தீர்ப்பு அருளப்பன் பக்கம். கூலரில் குறையில்லை, ஆலை அத்தனையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அருளப்பன் அங்கேயே கண்ணை மூடி ஜெபம் செய்தார். தீர்ப்பின் முக்கியமான வரியை நீதிபதி தலை நிமிராமல் வாசித்தார்: "சத்தம் உண்டு, ஆனால் உறக்கத்தைக் கெடுக்கிற சத்தமல்ல என்பது இந்தக் கோர்ட் நேரில் அறிந்த விஷயம்."

இன்னொரு தீர்ப்பு

விஸ்வநாதனிடமிருந்து பதில் வரவில்லை. அவ்வளவுதான் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு சனிக்கிழமை வசந்தாவே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா அவசரமாகப் புடவை மாற்ற உள்ளே ஓடினாள். தன் அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று வசந்தா நேராகவே சொன்னாள். கையில் சிக்கிய சாட்சியைக் கோட்டை விட்ட ஆள் குடும்பம் நடத்தத் தேறமாட்டான் என்பது அவர் கட்சியாம்.

அவள் கட்சி என்ன என்று மட்டும் கேட்டேன். அவள் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: "நடுங்கற ஆளுக்குத் தண்ணி குடுக்கச் சொன்னீங்களாமே, அதை அப்பா குத்தமா சொன்ன அன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேன்."

நான் வாதாடி ஜெயித்த கேஸ்களைவிட வாயை மூடிக்கொண்டு ஜெயித்தவை அதிகம் என்பதை எந்தக் கட்சிக்காரரிடமும் இதுவரை சொன்னதில்லை, சொன்னால் ஃபீஸ் எதற்கு என்று கேட்பார்கள்.