பிரார்த்தனைக்குக் கொடுத்த விவரம்

கதவை யாராவது தட்டினால் லஸ்மினியின் கை முதலில் மேசைக்குத்தான் போகும். விரித்திருக்கும் தாள் எதுவானாலும் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் "உள்ள வாங்க" என்பாள். இந்தோனேசியாவின் மாலாங் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவி அலுவலகத்தில் ஒன்பது வருடமாக இப்படித்தான்.

"கேன்டீன் மெனுவையும் கவுத்து வைக்கிறியே, அதுல என்னடி ராணுவ ரகசியம்?" என்பாள் பக்கத்து மேசை யூலி. லஸ்மினி சிரித்து மழுப்புவாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் பழக்கம் கிடையாது. அப்பா இறைச்சி உருண்டை சூப் வண்டி தள்ளுகிறவர். குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். நாற்காலி கிடைத்ததும், யார் எதைக் கேட்டாலும் பதில் தெரிந்தவளாக இருக்க ஆசைப்பட்டாள். பின்னால் நடந்ததெல்லாம் அந்த ஆசையால் வந்ததா, வெறும் அசட்டுத்தனமா என்று இன்றுவரை அவளுக்கே தெளிவில்லை.

அந்த முதல் வருடம் நரேஸ்வரி வந்தாள். ஆசிரியர் படிப்பு, மூன்றாம் ஆண்டு. டாக்டர் கடிதத்தை நீட்டினாள். வலிப்பு நோய்.

"பரீட்சைல கொஞ்சம் கூடுதல் நேரம் வேணும்க்கா, அவ்வளவுதான். காரணம் மட்டும் வெளிய போகக்கூடாது. அடுத்த மாசம் பள்ளிக்கூடப் பயிற்சி. தெரிஞ்சா என்னைப் பிள்ளைங்க பக்கமே விட மாட்டாங்க."

"என்கிட்ட சொன்னது இந்தச் சுவத்துக்குக்கூடத் தெரியாது, போ."

மூன்று வாரத்தில் நரேஸ்வரிக்கு வலிப்பு வந்தது. அறைத்தோழி டூட்டிக் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு லஸ்மினிக்குத் தகவல் சொன்னாள். மதியம் வகுப்புத் தலைவன் பகுஸ் போன் செய்தான். யார் படுத்தாலும் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பிரார்த்தனைக்குப் போட்டாக வேண்டும்: பெயர், நோய், வார்டு எண்.

"டூட்டிக்கைக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறாக்கா. என்ன நோய்னு போடறது? சும்மா உடம்பு சரியில்லைன்னு போட்டா, கர்ப்பமோன்னு கதை கட்டுவானுங்க."

லஸ்மினி ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் குழுவில் நாற்பத்தொரு பேர் கை கூப்பியிருந்தார்கள். பேராசிரியையும் அதில் ஒருவர். எல்லாருமே அன்பாகத்தான் இருந்தார்கள். ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்தார்கள். பேராசிரியை அதே அன்போடு நரேஸ்வரியின் பெயரைப் பள்ளிப் பட்டியலிலிருந்து எடுத்து நூலகப் பணியில் சேர்த்தார். "உனக்குக் களைப்பு ஆகாதும்மா."

மறுவாரம் நரேஸ்வரி அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

"டூட்டிக்தான்க்கா. அவளுக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். நீங்க சொல்ல மாட்டீங்க."

"பகுஸைக் கேட்டியா?"

"எனக்காக வேண்டிக்கிட்டவன்கிட்ட போய்ச் சண்டை போடச் சொல்றீங்களா?"

"டூட்டிக் என்ன சொல்றா?"

"நான் இல்லைங்கறா. பின்ன யாருடின்னு கேட்டா அழறா."

அப்போதே சொல்லியிருக்கலாம். தற்காலிக வேலை, ஒரு புகாரில் போய்விடும். லஸ்மினி எழுந்து, "டீ குடிக்கறியா?" என்று கேட்டாள்.

டூட்டிக் அந்த வாரமே அறையைக் காலி செய்தாள். நரேஸ்வரி பட்டம் வாங்கினாள்; பள்ளிப் பயிற்சி இல்லை என்று எந்தப் பள்ளியும் அவளை எடுக்கவில்லை. இப்போது பாலிக்பாப்பானில் மாமாவின் டைல்ஸ் கடையில் இருக்கிறாள்.

அதற்குப் பிறகு லஸ்மினியிடமிருந்து ஒரு மாணவரின் விஷயமும் வெளியே போனதில்லை. அதை ஈடு என்று சொல்லிக்கொள்ளலாமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்வாள். கவனமாக இருப்பது வேலை. அது யாருக்கு ஈடாகும்?

நோன்புப் பெருநாளன்று ஊரே ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்கும். "தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருளுங்கள்." என்ன பிழை என்று யாரும் கேட்பதில்லை. லஸ்மினியும் வருடந்தோறும் அனுப்புவாள். நரேஸ்வரியிடமிருந்து உடனே பதில் வரும்: "உங்க மேல என்னக்கா பிழை?"

டூட்டிக் பிளிட்டாரில் ஆசிரியையாக இருக்கிறாள். இந்த வருடம்தான் அவள் எண் கிடைத்தது. லஸ்மினி அவளுக்கும் அதே வரியை அனுப்பினாள்.

"மன்னிச்சாச்சு! ஆனா யாருங்க நீங்க?" என்று வந்தது.

லஸ்மினி தன் பெயரை அடித்தாள், அலுவலகத்தின் பெயரை அடித்தாள், "அன்னைக்கு பகுஸ்கிட்ட" என்று தொடங்கினாள். பிறகு எல்லாவற்றையும் அழித்தாள். பெருநாள் போய் நாலு மாதமாகிறது. டூட்டிக்கின் கேள்விக்கு இன்னும் பதில் போகவில்லை.