மேகலா அனுப்பிய குரல் பதிவுகள்

குன்னத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மேகலாவுக்கு அரியலூரில் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்தது. சேர்ந்த புதிதில் உடற்கூறியல் வகுப்பு அவள் காதில் விழுந்ததே தவிர மனசில் இறங்கவில்லை. ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டவே சாயங்காலம் ஆகிவிடும்.

விடுதியில் எல்லோரும் வீடியோ பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். சீனியர்கள் அனுப்பிய குறிப்புகள், கேள்வித் தொகுப்புகள், படம் காட்டும் செயலிகள் என்று கிடைத்ததையெல்லாம் இறக்கி வைத்ததில் போனில் இடமில்லாமல் போனது. பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது. முதல் தேர்வில் பாதிக் கேள்விக்கு எழுத எதுவும் வரவில்லை. தேறவில்லை.

அந்த வாரக் கடைசியில் சீனியரிடம் வாங்கிய மேற்கை எலும்பைத் துணியில் சுற்றிப் பையில் வைத்து ஊருக்கு பஸ் ஏறினாள். அம்மா கலியம்மாள் பையில் இருப்பது தெரிந்ததும் வாசலிலேயே மறித்தாள்.

"செத்தவங்க எலும்ப வூட்டுக்குள்ள கொண்டாராத தாயி. ராத்திரி தூக்கம் வருமா எனக்கு?"

"படிக்கணும்மா. இத வெச்சுத்தான் பரீட்சையில கேப்பாங்க."

அப்பா சிங்காரவேலு சாவியை எடுத்துக் கொடுத்தார். "மோட்டார் கொட்டாயில உக்காந்து படி. அங்க யாரும் வர மாட்டாங்க."

சோளக்காட்டு நடுவே இருந்த அந்தக் கொட்டகையில் போனுக்கு சிக்னல் கிடையாது. வீடியோ ஓடவில்லை. வேறு வழியின்றி எலும்பை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மடியில் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு மேடாக, பள்ளமாகத் தடவிப் பார்த்துத் தமிழில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னதைப் போனில் பதிவு செய்து கேட்டாள். எங்கே திக்கினாளோ அங்கே தனக்குப் புரியவில்லை என்று தெரிந்தது. மறுபடி வாசித்தாள், மறுபடி பேசினாள்.

விடுதிக்குத் திரும்பியதும் அறைத்தோழி அனுசுயா அதைக் கேட்டுவிட்டு, "எனக்கும் அனுப்புடி" என்றாள். பெரம்பலூரில் ஆங்கில வழியில் படித்தவள் அவள். அவளிடமிருந்து அது வகுப்பில் பலருக்கும் போனது. அடுத்தது எப்போது என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவசரத்தில், கை நரம்புகளைப் பற்றிப் பேசும்போது மேகலா புத்தகத்தைத் திறக்கவில்லை. எலும்பு எங்கே ஒடிந்தால் எந்த நரம்பு போகும் என்று ஒரு நிமிட வீடியோ ஒன்றில் பார்த்த சுருக்க வழி நினைவில் இருந்தது, அதை வைத்தே பேசி அனுப்பினாள்.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் லீலாவதி எலும்பின் நடுப்பகுதியைக் காட்டி, "இங்க ஒடிஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

செட்டிகுளத்துப் பையன் அறிவுச்செல்வன் தயங்காமல், "கையப் பக்கவாட்டுல தூக்க முடியாது மேடம்" என்றான். அடுத்து நின்றவனும் அதையே சொன்னான்.

"அது மேல, எலும்போட கழுத்துப் பகுதியில ஒடிஞ்சா. இங்க ஒடிஞ்சா மணிக்கட்டு தொங்கிப்போகும். ரெண்டு பேரும் ஒரே தப்பச் சொல்றீங்க, எங்க படிச்சீங்க?"

அடுத்து நின்ற மேகலா ஓரடி முன்னால் வந்தாள்.

"நான் பேசி அனுப்புனது மேடம். மாத்திச் சொல்லிட்டேன்."

"புத்தகத்துல சரிபார்த்தியா?"

"இல்லைங்க மேடம்."

"நாளைக்கு வார்டுல நீ சொல்றத நம்பித்தான் மத்தவங்க வேலை செய்வாங்க" என்றார் அவர். அதற்கு மேல் திட்டவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் தப்பைத் திருத்திப் பேசி எல்லோருக்கும் அனுப்பினாள். "பழையத அழிச்சிடுங்க, தப்பு என்னோடது" என்று முதலிலேயே சொன்னாள். அறிவுச்செல்வன் அதற்குப் பதிலே போடவில்லை. உணவுக்கூடத்தில் பார்த்தும் பாராதது போலப் போனான்.

"இனிமே பேசி அனுப்ப மாட்டேன்" என்றாள் மேகலா.

"நிறுத்துனா நஷ்டம் உனக்குத்தான், நீ படிக்கிறதே பேசித்தானே" என்றாள் அனுசுயா. "நீ பேசு. நான் புத்தகத்த விரிச்சு வெச்சுக்கிட்டுக் கேக்கறேன். தப்பு வந்தா அங்கயே நிறுத்தறேன்."

அப்படித்தான் அதற்குப் பிறகு நடந்தது. முதல் நாளே அனுசுயா பல இடங்களில் நிறுத்தினாள். மேகலாவுக்கு எரிச்சலாக வந்தது, ஆனால் நிறுத்திய இடங்களில் தப்பு இருந்தது. போனில் குவித்து வைத்திருந்ததில் பெரும்பாலானதை அழித்தாள். வகுப்புக்கு முன்னால் ஒரு வீடியோ, பிறகு புத்தகம், கடைசியில் பேச்சு என்று வைத்துக்கொண்டாள். சில வாரம் கழித்து அறிவுச்செல்வன் நூலகத் திண்ணையில் இருந்த இருவரிடமும் வந்து நின்று, "கால் நரம்பு பேசிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

"இன்னிக்கிப் பேசறோம். நீயும் உக்காரு. புத்தகம் கொண்டா."

ஆண்டுத் தேர்வில் மூவரும் உடற்கூறியலில் தேறினார்கள். அறிவுச்செல்வனுக்கு உயிர்வேதியியல் மட்டும் நின்றுபோய், பிறகு துணைத் தேர்வில் முடித்தான். மேகலாவின் மதிப்பெண் வகுப்பில் நடுவாந்தரம். முடிவு வந்ததும் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"பாஸ் பண்ணிட்டேம்மா."

"அப்ப டாக்டர் ஆயிட்டியா?"

"இன்னும் நாலு வருசத்துக்கு மேல இருக்கும்மா."

"அவ்வளவா!" என்ற கலியம்மாள், சின்ன வெங்காயம் பறிக்க ஆள் வரவில்லை, சனிக்கிழமை வந்தால் ஒத்தாசையாக இருக்கும் என்றாள். மேகலா சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிப் போனாள்.