கட்டுப்பாடு என் கையில்

நம் தமிழ்மன்றத்து இதழின் சென்ற வெளியீட்டில் என்னைப் பாராட்டி ஒரு குறிப்பு வந்திருந்தது. விமானிகள் தம் அறைக்குள் பேசிக்கொள்ளும் ஆங்கிலத் தொடர்களை நான் நற்றமிழில் ஆக்கியிருப்பதாகவும், விமானியாகவிருக்கும் என் மகளே அவற்றை நாள்தோறும் வழங்கிவருவதாகவும் அது கூறியது. அதனைப் படித்த திருவேங்கடத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், தம் மாணவர்க்கு வழங்கப் படிகள் வேண்டுமென எழுதியுள்ளார். அவர்க்கு விடை எழுத அமர்ந்தேன், கை ஓடவில்லை. பாராட்டு வந்த இதழிலேயே நடந்ததும் வரவேண்டும் என்பதனால் இதனை எழுதுகிறேன். ஆங்கிலச் சொற்களை இம்முறை அவ்வாறே இடுகிறேன். அதற்கான காரணம் படிக்கையில் விளங்கும்.

என் மகள் விமானம் ஓட்டும் உரிமம் பெற்றவள். விமான நிறுவனம் ஒன்று அவளைத் தேர்ந்தெடுத்தும் விட்டது. ஆயினும் தேர்வு பெற்றோர் உடனே பறந்துவிடுவதில்லை. நிறுவனத்தின் பயிற்சி வகுப்பில் இடம் உண்டாகும்போது அழைப்பு வரும். அது நாளையும் வரலாம், அடுத்த ஆண்டும் வரலாம். வரும் நாளில் கற்றவற்றுள் ஒன்றும் மறந்திருத்தல் ஆகாது.

இதனைச் சங்கரன்கோவிலில் ஒருவர்க்கு விளக்குவது எளிதன்று. வகுப்பு என்றால் இங்கே கரும்பலகை உள்ள வகுப்புத்தான். "படிச்சு முடிச்ச பிள்ளைக்கு எதுக்கு அண்ணாச்சி இன்னும் கிளாஸு? பெயில் கியில் ஆயிட்டாளா?" என்று மருந்துக்கடைக்காரர் என் காதருகே குனிந்து கேட்டார். எங்கள் திருச்சபையில் ஞாயிறுதோறும் வாசிக்கப்படும் வேண்டுதல்களில் அவளுடைய வகுப்பும் இடம்பெற்றிருந்தது. நோயாளிகளுக்குப் பின்னும் மழைக்கு முன்னுமாக அதனை வாசிப்பார்கள்.

மகளோ ஒருவர்க்கும் விடை கூறாது தன் பணியைச் செய்துவந்தாள். விமானி இருக்கையின் முன்னுள்ள கருவிகள் யாவற்றையும் உள்ள அளவிலேயே அச்சிட்ட பெருந்தாளொன்றைப் பின்னறைச் சுவரில் ஒட்டி, அதன்முன் நெகிழி நாற்காலியில் அமர்வாள். விசையைத் திருப்ப வேண்டிய இடத்தில் தாளைத் தொடுவாள். விடியலில் ஓடிவிட்டு வருவாள். சளி பிடித்தால் காது அடைத்துக்கொள்ளும் என்று குளிர்நீரைத் தொடமாட்டாள். பெட்டி அடுக்கியபடியே கட்டிலடியில் கிடந்தது.

ஒன்றுமட்டும் தனியே செய்ய இயலாதது. விமானத்தை இருவர் ஓட்டுகின்றனர். ஒருவர் குறித்த சொல்லைச் சொல்ல, மற்றவர் குறித்த சொல்லால் மறுமொழி தரவேண்டும். பெருநகரங்களில் காத்திருப்போர் இருவர் இருவராகக் கூடிப் பழகுவராம். இவ்வூரில் அவளுக்கு அப்படி ஒருவரும் இல்லாமையால் அந்த இரண்டாம் நாற்காலி எனக்கு வாய்த்தது.

முதல்நாளே அவள் தெளிவாகச் சொன்னாள்: "அப்பா, இத இருக்கிறபடியே வாசிக்கணும். ஒரு சொல்லு மாத்தப்பிடாது. நீங்க 'பாசிட்டிவ் கிளைம்ப்'னு சொன்னா நான் 'கியர் அப்'னு சொல்லுவேன். அவ்வளவுதான்."

விமானம் தரைவிட்டு உறுதியாக ஏறுகிறது என்று ஒருவர் அறிவிக்க, சக்கரங்களை உள்ளே இழுக்குமாறு மற்றவர் கூறுவது அது. சில நாள்கள் அவ்வாறே வாசித்தேன். வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்த வாய்க்கு அது மணலை மெல்வதுபோல் இருந்தது. ஒருநாள் 'ஏற்றம் உறுதி' என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டு, நொடியும் தாழ்க்காமல் 'சக்கரம் மேலே' என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னதை நான் விடாது பற்றிக்கொண்டேன். அடுத்த சில நாள்களில் எல்லாத் தொடர்களையும் தமிழாக்கிவிட்டேன். அவற்றுள் நான் மிகவும் செருக்குற்றது ஒன்று. விமானத்தை ஒருவர் மற்றவரிடம் ஒப்படைக்கையில் 'யூ ஹாவ் கன்ட்ரோல்' என்பர். ஏற்றுக்கொள்பவர் 'ஐ ஹாவ் கன்ட்ரோல்' என்பார். இதனைக் 'கட்டுப்பாடு உன் கையில்', 'கட்டுப்பாடு என் கையில்' என்று அமைத்தேன். மூலத்தினும் இதற்கு ஓசை மிகுதி என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மகள் ஓரிருமுறை தயங்கினாள். கொஞ்சம் இங்கிலீஷிலும் பார்ப்போம் என்றாள். பொருள் விளங்கியவர்க்கு மொழி தடையாகாது என்று மறுமொழி தந்தேன். மேடையில் சொல்லத்தக்க தொடர் அது. பின்னர் மேடையிலும் சொன்னேன், பொன்னாடையும் பெற்றேன். அவளும் மகிழ்ச்சியாகவே இருந்தாள் என்பதை மறைக்கலாகாது. சோற்றுக் கரண்டியைத் தாயிடம் நீட்டும்போதுகூட, "கட்டுப்பாடு உங்க கையில்ம்மா" என்பாள்.

பின்னர் அழைப்பு வந்தது. வகுப்பில் சேர்க்குமுன் பெங்களூரில் ஒரு சோதனை. சிமுலேட்டர் எனப்படும், விமானத்தின் முன்னறை போலவே அசையும் பொறிக்குள் அமர்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும். போய்வந்தவள், அடுத்த பேட்ச்சில் பார்க்கலாம் என்று கூறிவிட்டதாக மட்டும் சொல்லிப் படுக்கப் போனாள். அவளுடன் காத்திருந்தோர் வகுப்பில் சேர்ந்துவிட்டனர். அந்நிறுவனத்தாரின் முறைகேடு பற்றி நான் வீட்டிலும் மருந்துக்கடையிலும் நெடுநேரம் பேசினேன். அந்தப் பேச்சை இன்று எண்ணினால் உடல் கூசுகிறது.

அடுத்த ஞாயிறன்று சபைப் போதகரான ஐயர் வழக்கத்தினும் உருக்கமாக மன்றாடினார். அந்த மகளின் வாழ்வில் தடையாக நிற்கிற யாவற்றையும் ஆண்டவர் அப்புறப்படுத்த வேண்டும் என்றார். நான் உரக்க ஆமென் சொன்னேன்.

ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வழியில் என் மனைவி நடையைத் தளர்த்தாமலே பேசினாள்.

"தடைய அப்புறப்படுத்தணும்னு ஐயர் ஜெபிச்சாருல்லா? அது யாருன்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"யார்?" என்றேன்.

"ஆமென் சொன்னீங்களே, அவருதான்."

மகள் தன்னிடம் மட்டும் சொன்னதாக அவள் கூறியது இது. சோதனையில் விமானம் மேலெழுந்ததும், பக்கத்து இருக்கையிலிருந்த தேர்வாளர் 'பாசிட்டிவ் கிளைம்ப்' என்றார். மகள் வாயில் 'சக்கரம் மேலே' என்று வந்துவிட்டது. அவர் தமிழறியாதவர், திரும்பிப் பார்த்தார். இவள் உடனே திருத்திக்கொண்டாள். அதனை அவர் பொறுத்தார். பின்னர் சற்று நேரம் அவரே ஓட்டினார். எஞ்சின்களுள் ஒன்று எரிவதாக விளக்குகள் ஒளிரும் பொழுதில், 'யூ ஹாவ் கன்ட்ரோல்' என்று சொல்லி அவர் கையெடுத்தார். 'கட்டுப்பாடு என் கையில்' என்றாள் மகள். அவள் ஏற்றுக்கொண்டதை அவர் அறிய வழியில்லை. மெய்யான வானில் இது நேர்ந்தால் விமானம் யார் கையில் என்பது இருவர்க்கும் தெரியாதிருக்கும். பின்னே பயணிகள் அமர்ந்திருப்பர். சோதனையை அவர் அங்கேயே நிறுத்திவிட்டார்.

நான் பின்னறைக்குப் போனேன். மகள் தாளின்முன் அமர்ந்திருந்தாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா மன்றத்துல எப்படிப்பா முகத்தக் காட்டுவீங்க?" என்றாள்.

இனிமேல் ஓரெழுத்தும் மாற்றாமல் வாசிக்கிறேன் என்று கூறி மற்ற நாற்காலியில் அமர்ந்து, 'பாசிட்டிவ் கிளைம்ப்' என்றேன். அவள் உதடு திறந்தது; சொல் வெளிவரவில்லை. மீண்டும் வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் கழித்தே 'கியர் அப்' என்றாள்.

"ஒங்க குரலக் கேட்டாலே எனக்குத் தமிழ்தான் வருது," என்றாள். "வகுப்பு வார வரைக்கும் நீங்க வேண்டாம்ப்பா. அம்மா வாசிக்கட்டும்."

என் மனைவி வாசுதேவநல்லூரில் சிறுபிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து ஓய்வு பெற்றவள். தாளில் உள்ளதை உள்ளபடி, பள்ளிக்கூடக் குரலில் வாசிக்கிறாள். நான் அந்நேரம் வீட்டில் இருப்பதில்லை. கதவடைத்தாலும் என் இருமலும் செருமலும் உள்ளே கேட்கின்றன என்று மகள் தயங்கித் தயங்கிச் சொன்னபின், பேருந்து நிலையம்வரை நடந்துவிட்டு வருகிறேன். எதிர்ப்படுவோர் வகுப்பு வந்துவிட்டதா என்று கேட்கின்றனர். இன்னும் இல்லை என்கிறேன். ஏன் என்று கேட்போர்க்கு முன்பெல்லாம் நிறுவனத்தைச் சொல்லிவந்தேன். இப்பொழுது என்னைச் சொல்கிறேன். சிலர் தன்னடக்கம் என்று கொண்டு மேலும் பாராட்டுகின்றனர். அதுவே தாங்க இயலாததாக உள்ளது.

சென்ற கிழமை நடை முடிந்து சற்று முன்னதாகவே திரும்பிவிட்டேன். வாயிற்படியிலேயே நின்றேன். உள்ளே என் மனைவி, 'யூ ஹாவ் கன்ட்ரோல்' என்றாள். மகளின் விடை உடனே வந்தது, ஆங்கிலத்தில். செருப்பைக் கழற்றாமல் தெருமுனைவரை மீண்டும் நடந்தேன்.

திருவேங்கடத்து ஆசிரியர்க்குப் படிகள் அனுப்பப்போவதில்லை; அவர் பொறுத்தருள்க. விமானத் தொழில்பற்றி இங்கு எழுதியவை செவிவழி அறிந்தவை. அத்தமிழ்த் தொடர்கள் மீண்டும் அவள் கண்ணில் படலாகாது என்பதால், மகளிடம் காட்டிச் சரிபார்க்கவும் இப்போது எனக்கு வாய்ப்பில்லை. பொருளிலோ ஒலிப்பிலோ பிழை காணும் அன்பர்கள் இதழுக்கு எழுதித் திருத்த வேண்டுகிறேன். மாற்றுச் சொல் மட்டும் எவரும் அனுப்ப வேண்டா.