பேருந்து போன பிறகு வந்தவர்கள்

போக்குவரத்துப் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை செய்கிறேன் என்று சொன்னால், "அப்படி ஒரு ஆபீஸ் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இருக்கிறது. எந்தச் சாலையில் எத்தனை வண்டி ஓடுகிறது, எந்தப் பேருந்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணித் தொகுத்து, வருடத்துக்கு ஒரு புத்தகம் போடுகிறோம். சாலை போடுகிறவர்களும் பேருந்து விடுகிறவர்களும் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். நான் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து படிவங்களைக் கணினியில் ஏற்றுகிறவன். வெயிலில் உட்கார்ந்து எண்ணுகிறவர்களில் ஒருவர் டிக் அக்கா.

கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஓர் எண் கூடுகிற சின்னக் கருவியை எண்ணுகிறவர்களுக்குக் கொடுப்போம். இருபத்திரண்டு வருடமாக அது அக்காவின் வலது கையில் இருக்கிறது. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர். அவர் வண்டியில் ஏறுகிறவர்களை எண்ணப்போன இடத்தில்தான் இருவருக்கும் பழக்கம். "மூணு நாள் உட்கார்ந்து எண்ணினா. ஒரு தடவைகூட என்னைச் சேர்த்துக்கல" என்று அவர் இன்றைக்கும் குறை சொல்வார். "டிரைவர் பயணிக் கணக்குல வரமாட்டார்" என்று அக்காவும் விடாமல் பதில் சொல்வார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரி வழியாக ரயில் நிலையத்துக்குப் போகும் ஒன்பதாம் எண் பேருந்தில் கூட்டமே இல்லை, அதை நிறுத்திவிட யோசிக்கிறோம், ஒரு வாரம் எண்ணிச் சொல்லுங்கள் என்று பேருந்து நிர்வாகம் கேட்டிருந்தது. ஒன்பதாம் எண்ணை ஓட்டியவர் அக்காவின் கணவரேதான்.

அக்கா நேராகப் பிரிவு அதிகாரியிடம் போனார்.

"சார், இதை வேற யாருக்காவது குடுங்க. அது எங்க வீட்டுக்காரர் ஓட்டுற வண்டி."

"ஆள் எங்கம்மா இருக்கு? ரெண்டு பேர் லீவு. உங்க மேல எனக்குச் சந்தேகமில்ல, போய் எண்ணுங்க."

அன்று வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று கணவரே பின்னால் என்னிடம் சொன்னார். தடத்தை நிறுத்திவிட்டால் அவரை ஊரின் மறுகோடியில் இருக்கும் பணிமனைக்கு மாற்றிவிடுவார்கள். விடியுமுன் கிளம்ப வேண்டும். "ஒரு பத்துப் பேரைக் கூடப் போட்டா உன் கையா தேஞ்சுடும்?" என்று கேட்டிருக்கிறார். அக்கா தட்டை எடுத்து வைத்துக்கொண்டே, "நாளைக்கு என்னைப் பார்த்துக் கையாட்டாதீங்க. நான் வேலையில இருப்பேன்" என்று மட்டும் சொன்னாராம்.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே, நிறுத்தத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மணிக்கு ஒரு வண்டி. ஒரு வண்டி போனதும் அடுத்தது வரும்வரை, எண்ண வருகிற மற்றவர்கள் டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். அக்கா பிளாஸ்க்கோடு வருகிறவர், எழுந்திருக்கமாட்டார். இரண்டு ஐந்துக்கு வந்த வண்டியில் பதினோரு பேர் ஏறினார்கள். கணவர் கையாட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டிப் போனார்.

பத்து நிமிடம் கழித்து ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. காலை வேலை முடிந்த நர்சுகள், துப்புரவுப் பெண்கள், சமையலறை ஆட்கள். இரண்டு மணிக்கு வேலை முடிந்தாலும், அடுத்தவரிடம் ஒப்படைத்து உடை மாற்றி வெளியே வர இரண்டேகால் ஆகிவிடுகிறது. நிறுத்தத்தில் கொஞ்சம் நின்றார்கள். சிலர் சேர்ந்து வேன் பிடித்தார்கள். மற்றவர்கள் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்கள்.

இவர்களுக்குப் படிவத்தில் இடமில்லை. ஏறினவர், இறங்கினவர், அவ்வளவுதான். மறுநாள் அக்கா இன்னொரு கருவியை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வலது கையில் ஏறினவர்களையும், இடது கையில் ஏறாமல் போனவர்களையும் எண்ணினார்.

வாரக் கடைசியில் படிவங்கள் என் மேசைக்கு வந்தன. ஏறினவர்கள் எண்ணிக்கை குறைவு. ஒன்றுகூடக் கூட்டிப் போடவில்லை. ஆனால் யாருமே நிரப்பாத 'குறிப்பு' என்ற கட்டத்தில் பொடி எழுத்தில் இருந்தது: 'செவ்வாய், 2.15 முதல் 2.30 வரை, பேருந்து போன பிறகு வந்து திரும்பியவர்கள் 41. புதன் 38.' நான் அதைத் தூக்கிக்கொண்டு அதிகாரியிடம் ஓடினேன். அவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"நம்ம வேலை எண்ணுறதும்மா. யோசனை சொல்றது நம்ம வேலை இல்ல."

"நான் யோசனை சொல்லல சார். எண்ணித்தான் இருக்கேன்."

"உங்க வீட்டுக்காரர் வண்டி. நாளைக்கு யாராவது கேட்டா?"

"அதனாலதான் முதல்லயே வேணாம்னேன். இதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற ஆளை எண்ணச் சொல்லுங்க. எனக்கு வருத்தமில்ல."

குரல் உயரவில்லை. கை மட்டும் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது.

வேறு ஆள் இல்லை என்பதால் அடுத்த திங்கட்கிழமை அதிகாரியே கிளம்பினார், என்னையும் இழுத்துக்கொண்டு. அவர் நாற்காலியை விட்டு இறங்கி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. குடை கொண்டுவரவில்லை. கருவியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். இரண்டேகாலுக்குக் கூட்டம் வந்தது. ஒரு வயதான நர்சு அவர் வியர்த்து வழிவதைப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்கா சார் நிக்கிறீங்க? அது போயிடுச்சு. எப்பவும் நாங்க வர்றதுக்குள்ள போயிடும்" என்றார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்றது?"

அதிகாரி கருவியை நேராகப் பிடித்துக்கொண்டார். எண்ணி முடித்தார். முப்பத்தொன்பது. திரும்பும் வழியில் என்னிடம், "அந்தக் குறிப்பை அப்படியே அறிக்கையில போடு. தனி அட்டவணையா போடு" என்றார்.

இரண்டு மாதத்தில் நிர்வாகத்திடமிருந்து பதில் வந்தது. தடத்தை நிறுத்தவில்லை, மதிய வண்டியின் நேரத்தை மட்டும் இரண்டு இருபத்தைந்துக்கு மாற்றியிருந்தார்கள். அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு முகம் கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

கணவருக்குத்தான் நிம்மதி போயிற்று. ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தவர் என் மேசையருகே நின்று புலம்பினார்: "நிக்கக்கூட இடமில்ல தம்பி. படியில தொங்குறாங்க. இத்தனை வருஷமா எனக்குப் பின்னாடி இத்தனை பேர் வந்து ஏமாந்து போயிருக்காங்க. கண்ணாடியில பார்த்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்காது. நான்தான் அதுக்குள்ள திருப்பம் தாண்டியிருப்பேனே."

"இப்போ எத்தனை பேர் ஏறுறாங்க?" என்று பின்னாலிருந்து அக்கா கேட்டார்.

"அம்பது இருக்கும்."

"இருக்கும்னா? எண்ணினீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.