கண்ணாடிக் கூண்டுக்கு எதிரே அப்பா

தாஷ்கண்ட் பழைய நகரத்தில், சோர்சு சந்தைக்குப் பின்னால் இருக்கும் தெருவில், மெட்ரோ சீருடை போட்ட முதல் பெண் மவ்ஜுதாதான். நீலக் கோட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. தொப்பிக்கு வெளியே ஒரு முடி தெரியாது. நகரும் படிக்கட்டின் அடியில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, இறங்கி வருகிறவர்களைக் கண்ணெடுக்காமல் பார்ப்பது அவள் வேலை. யாராவது தடுக்கி விழுந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்திப் படிக்கட்டை நிறுத்துவாள். படிக்கட்டு ஓடும்போது கூண்டை விட்டு இறங்கக்கூடாது. அவள் இறங்கியதே இல்லை. கணவன் ரஷ்யாவுக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டபோதும், இரண்டு பெண்களைத் தனியாளாக வளர்த்தபோதும் அவள்மேல் ஒரு புகார் வந்ததில்லை.

வசந்தகால வெள்ளிக்கிழமை. சந்தைக் கூட்டத்தோடு படிக்கட்டில் அவள் அப்பா எர்காஷ் வந்து இறங்கினார். நல்ல அங்கி, பூவேலை செய்த தொப்பி. வயதில் ஞாபகம் அழிந்துகொண்டு வருகிறவர் என்று பார்த்தால் யாருக்கும் தெரியாது. போன மாதம் இப்படித்தான் வண்டியேறி, ஊரின் அந்தக் கோடியில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றிருந்தார்.

கூண்டுக் கதவைக் கொஞ்சம் திறந்தாள்.

"அப்பா! தனியா எங்க கிளம்பிட்டீங்க?"

அவர் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். "சுகமா இருக்கியா மகளே? உங்க அப்பா நல்லா இருக்காரா?"

எதிரே நடைமேடையில் இருந்த பெஞ்சைக் கைகாட்டினாள். "நல்லா இருக்கார். அந்தப் பெஞ்சுல உக்காருங்க. இப்ப ஆள் வரும்."

உட்கார்ந்தார். சந்தையில் ரொட்டி சுடும் தம்பி சோபித்துக்கு ஃபோன் செய்தாள்.

"அக்கா, தந்தூர் அடுப்புல இப்பதான் ரொட்டி ஒட்டியிருக்கேன், அஞ்சு நிமிஷம்..."

"ரொட்டி கருகினா கருகட்டும்டா! ஓடி வா!"

முதல் வண்டி வந்தது. ஓர் இளைஞன் பெஞ்சுப் பக்கம் குனிந்தான். "தாத்தா, வண்டி வந்துடுச்சு, கையப் பிடிச்சுக்கோங்க." மவ்ஜுதா கண்ணாடியைத் தட்டி, வேண்டாம் என்று கையாட்டினாள். அவன் குழம்பிப்போய்த் தான் மட்டும் ஏறினான்.

அடுத்த வண்டி வருவதற்குள் அவள் ஒலிபெருக்கி மைக்கை எடுத்துவிட்டாள். "பெஞ்சுல இருக்கற பெரியவர யாரும் எழுப்ப வேண்டாம். அவர் போகலை."

கீரைக்கட்டோடு வந்த ஓர் அம்மாள் கூண்டருகே நின்றாள். "ஏம்மா, பெரியவங்கள மைக் வெச்சு அதட்டறியே? உன்னைப் பெத்தவங்க இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"அம்மா, அவர் என் அப்பா."

"அப்பாவையா! அடக் கடவுளே, அப்பாவையா இப்படி உக்கார வெச்சிருக்க!" தலையை ஆட்டிக்கொண்டே போனாள்.

மேலே படிக்கட்டு நிரம்பியிருந்தது. மூட்டைகள், கைக்குழந்தைகள், ஊன்றுகோல் வைத்த ஒரு கிழவர். இப்போது நிறுத்தினால் ஒருவர்மேல் ஒருவர் சரிவார்கள். ஓடவிட்டு இறங்கினாலும், அந்தக் கிழவர் கால் தவறினால் நிறுத்த ஆளில்லை. சோபித்தின் தலை எங்காவது தெரிகிறதா என்று தேடினாள். இல்லை.

மூன்றாவது வண்டி வந்தது. இரண்டு கல்லூரிப் பையன்கள், நல்ல வளர்ப்பு தெரியும் பையன்கள், ஆளுக்கொரு முழங்கையைப் பிடித்து அப்பாவை எழுப்பினார்கள். மவ்ஜுதா ஒலிபெருக்கியில் கத்தினாள். வண்டிச் சத்தம் அதை விழுங்கியது. கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். ஒரு பையன் திரும்பிப் பார்த்து, நன்றி சொல்கிறாள் என்று நினைத்து நெஞ்சில் கைவைத்தான்.

பெட்டிக்குள் நாலு பேர் எழுந்து இடம் விட்டார்கள். அப்பா நடுவில் அமர்ந்து எல்லோரையும் வாழ்த்தினார். கதவு மூடியது.

அடுத்த நிலையத்துக்கு ஃபோன் போட்டாள். அங்கே கூண்டில் இருந்த ரோஸா பொறுமையாகத்தான் கேட்டாள்.

"ஆள் எப்படி இருப்பார்?"

"வெள்ளைத் தாடி. அங்கி. பூ போட்ட தொப்பி. எல்லாரும் எழுந்து இடம் கொடுத்திருப்பாங்க."

"கண்ணு, இன்னிக்கு வெள்ளிக்கிழமை, தொழுகை நாள். பெட்டிக்கு அஞ்சு பேர் அப்படித்தான் இருக்காங்க. வேற அடையாளம் சொல்லு."

மவ்ஜுதா படிக்கட்டைப் பார்த்தபடியே யோசித்தாள். வேறு அடையாளம் எதுவும் அவளிடம் இல்லை.